சாயமும் சக்கையும்: ஓர் அகத்திணை இயல்

உலகத்துக் குப்பை இரண்டு வகைப்படும். சாயத் தண்ணீரில் போட்டு ஆராயப்பட்ட குப்பை ஒன்று. இனிமேல் ஆராயப்படவிருக்கும் குப்பை மற்றொன்று. மூன்றாவது வகை உண்டு என்பாரும் உளர். அவர்கள் வேதியியல் ஆய்வேடுகளின் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். வாழைத்தோல், ஆரஞ்சுத் தோல், பலாத்தோல், உமி, மரத்தூள், வேப்பிலை, புளியங்கொட்டை, கடலைத்தோல், டீ வடிகட்டிய சக்கை, முட்டையோடு, கோழி இறகு என்று முதல் வகை வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகிறது. குப்பை தீர்ந்துபோவதற்குள் இந்தத் துறைக்கு ஓர் இலக்கணம் செய்துவிட வேண்டும் என்ற கவலையில் பிறந்தது இந்த இயல்.

நூல் செய்கிறவன் தன் தகுதியைப் பாயிரத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினேன், வேதியியல் தெரியாது. ஆனால் வீடு இருப்பது திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஆற்றைப் பார்த்தே இந்த வாரம் சாயப்பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்று சொன்ன தலைமுறையைச் சேர்ந்தவன். போதாததற்கு, என் அக்கா மகள் தன் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டில் பாதியை எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் முடித்தாள். மொட்டை மாடியில் காய்ந்த வாழைத்தோலை மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு அரைத்தாள். அந்த ஜாரில் அதற்குப் பிறகு சட்னி அரைபடவில்லை. தகுதிக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் சொல்லுக்குப் பொருள். தண்ணீரில் இருக்கும் சாயத்தைக் குப்பை பிடித்துக்கொள்கிறதே, பாடநூல் இதைப் ‘பரப்புக் கவர்தல்’ என்கிறது. இதை உறிஞ்சுதல் என்று எழுதுவது வழு. தேர்வில் எழுதினால் மார்க் போகும். இட்லி சாம்பாரைக் குடிக்கிறதே, அது உறிஞ்சுதல்: சாம்பார் இட்லியின் உள்ளெங்கும் போய்விடுகிறது. குளியலறைக் கண்ணாடியில் வீட்டுப் பெண்கள் ஒட்டி வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறதே, அது பரப்புக் கவர்தல். பொட்டு கண்ணாடிக்குள் போவதில்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு பொருளின் திறமை அதன் எடையில் இல்லை, பரப்பில் இருக்கிறது என்க. நன்றாகப் பக்குவம் செய்த ஒரு கிராம் கரியின் உள்ளே உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கால் ஏக்கர். ஒரு சிட்டிகைக்குள் கால் ஏக்கர் இடம் இருக்கிற செய்தி எங்கள் ஊர் நிலத் தரகர்களுக்கு இன்னும் எட்டவில்லை.

இந்தக் கரிக்கு வரலாறும் உண்டு. ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்து மருந்துக் கடையில் வேலை பார்த்த லோவிட்ஸ் என்பவர், கரைசலில் கரியைப் போட்டால் நிறம் போகிறது என்று 1785-இல் கண்டார். இங்கிலாந்தில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் கொய்னா மருந்து செய்யப்போய், தவறுதலாக ஊதாச் சாயம் செய்து, செயற்கைச் சாயத் தொழிலைத் தொடங்கிவைத்தது 1856-இல். அதாவது நோய் பிறப்பதற்கு எழுபத்தொரு வருடம் முன்பே மருந்து பிறந்துவிட்டது. இப்படி ஒரு முன்னேற்பாடு வேறெந்தத் துறைக்கும் வாய்த்ததாக நான் படித்ததில்லை. எங்கள் அம்மாயி உமிக்கரியில் பல் துலக்கியதை இந்த வரலாற்றில் சேர்க்கலாமா என்று அக்கா மகளிடம் கேட்டேன். “மாமா, அது தேய்க்கிறதுங்க, ஒட்டுறது வேற” என்று தள்ளிவிட்டாள்.

அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள். பரப்புக் கவர்தலுக்கும் அவையே. முதற்பொருள் நிலமும் பொழுதும்: நிலம் என்பது ஐம்பது மில்லி பிடிக்கிற கூம்புக் குடுவை, பொழுது என்பது குலுக்கியில் அது ஆடுகிற நிமிடங்கள். கருப்பொருள் சக்கை. உரிப்பொருள் ஒட்டுதலும் ஒட்டுதல் நிமித்தமும்.

கருப்பொருளை நிலவாரியாகப் பிரிப்பதே முறை. மருதத்துக்கு உமி, வைக்கோல், கரும்புச் சக்கை, வாழைத்தண்டு. நெய்தலுக்கு இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடற்பாசி. தென்னை நார்க்கழிவை நெய்தலில் வைப்பதா, பொள்ளாச்சியைக் கருதி மருதத்தில் வைப்பதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். குறிஞ்சிக்குத் தேயிலைச் சக்கையும் பலாத்தோலும். முல்லைக்குப் புளியங்கொட்டை, கடலைத்தோல், வேப்பிலை. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது பழைய கொள்கை. ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தையும் அதை மூட்டம் போட்டு எடுக்கும் கரியையும் பார்த்திருந்தால் பழையவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ஐந்திலும் அடங்காதது ஆலைத் திணை: அனல் மின் நிலையத்துச் சாம்பல், அலுமினிய ஆலையின் செஞ்சகதி, இரும்பு ஹைட்ராக்சைடுக் கசடு. ஒரு தொழிற்சாலையின் கழிவை இன்னொரு தொழிற்சாலையின் கழிவுக்குள் போட்டு இரண்டையும் ஒருசேரத் தீர்ப்பது என்பது இதன் உள்ளுறை. வீட்டில் சண்டை போடும் இரண்டு பிள்ளைகளை ஒரே அறையில் போட்டுப் பூட்டுவது போல.

தேற்றான்கொட்டையை இங்கே சேர்க்கக்கூடாது. அதை உரைத்தால் கலங்கிய நீர் தெளியும் என்பது கலித்தொகை காலத்திலிருந்தே தெரிந்த செய்திதான். ஆனால் அது மிதக்கிற மண்ணைத் திரட்டிக் கீழே இறக்குகிறது. கரைந்த சாயத்தைப் பரப்பில் பிடித்து வைப்பதில்லை. முருங்கை விதையும் அப்படியே. தமிழன் அன்றே கண்டான் என்று எழுத ஆசைப்பட்ட ஒரு பத்தியை இதனால் அடித்துவிட்டேன்.

கேலிக்கு நடுவே ஒன்றைக் கேலியில்லாமல் சொல்லிவிடுகிறேன். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவர் மாணவர்களும் வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்க்கழிவுக் கரி ஆகியவற்றைக் கொண்டு செய்த ஆய்வுகளை உலகமெங்கும் எடுத்துப் பேசுகிறார்கள். சாயம் ஓடிய ஆற்றின் பக்கத்து ஊர்க்காரர்கள், பக்கத்துத் தோப்பில் கிடந்ததை எடுத்துச் செய்து பார்த்த வேலை அது. எனக்குச் சண்டை அதற்குப் பிறகு வந்த கூட்டத்தோடு.

இனி உரிப்பொருள். ஒட்டுதல் இரண்டு வகை: களவு, கற்பு. வான்டர்வால்ஸ் விசையால் லேசாகப் பற்றியிருப்பது களவு. தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினாலே கலைந்துவிடும். வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்வது கற்பு, பிரிப்பது கடினம். இரண்டுக்கும் நடுவில் மின்னூட்டக் கவர்ச்சி என்று ஒன்று உண்டு. நம் கதை முழுக்க அதில்தான் நடக்கிறது.

மெத்திலீன் ப்ளூ என்ற சாயத்தை எடுத்துக்கொள்வோம். 1876-இல் ஜெர்மனியில் பிறந்தது. தண்ணீரில் கரைந்தால் நேர் மின்னூட்டம் கொண்டது. உமியாகட்டும், தோலாகட்டும், தண்டாகட்டும், செடியிலிருந்து வருவது எதுவும் தண்ணீரில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் காட்டும். ஆகவே கண்டதும் காதல். இதை இயற்கைப் புணர்ச்சி என்று இலக்கணம் கூறும். அக்கா மகள் ஒரு குடுவையில் வெட்டவெளி வானம் மாதிரி நீலமாய்க் கரைசல் வைத்து, அதில் ஒரு சிட்டிகை வாழைத்தோல் பொடியைத் தூவினாள். கையாலேயே குலுக்கினாள். பத்து நிமிடத்தில் நீலம் வெளிறியது. அரை மணியில் குடுவைக்குப் பின்னால் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. அடியில் பொடி மட்டும் மைக்கூட்டில் விழுந்த எறும்பு மாதிரி கறுத்துக் கிடந்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது. பிறகு விளையாட்டாக டீத்தூள் சக்கையைப் போட்டோம், வெளிறியது. மரத்தூள் போட்டோம், வெளிறியது. நேற்றைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டோம், அதிலும் ஒட்டியது. அவள் விரலில் ஒட்டியது நாலு நாள் போகவில்லை. மெத்திலீன் ப்ளூவைப் பிடிக்க முடியாத குப்பை என்று ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் இனிமேல் பட்டம் கொடுக்க வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. அந்தச் சாயத்தில் தோய்த்த பனியனை யாராவது போட்டிருக்கிறீர்களா? திருப்பூரில் பருத்தி பனியனுக்கு ஓடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். மெத்திலீன் ப்ளூவுக்கு வேலை நுண்ணோக்கி ஆய்வகத்தில், மீன்தொட்டிக் கடையில். ரோடமின் பி என்று இன்னொன்று, ஆய்வேடுகளில் அடிக்கடி வரும். அது பஞ்சு மிட்டாயில் இருப்பதாகத் தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்கே தடை வந்தது. பிடிப்பதற்கு எளிதான சாயத்தை எடுத்துக்கொண்டு, இந்தச் சக்கை சாயத்தைப் பிடிக்கிறது என்று எழுதுவது, வீட்டு நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு ஊரில் வெறிநாய்த் தொல்லை தீர்ந்தது என்று தண்டோரா போடுவதற்குச் சமம்.

ரியாக்டிவ் சாயத்தின் குணம் வேறு. அது பருத்தியோடு கற்பு மணம் செய்யவே பிறந்தது. உப்பைக் கொட்டி அதைத் துணிக்குப் பக்கத்தில் தள்ளி, சோடாவைப் போட்டுக் காரமாக்கினால், துணியோடு வேதிப்பிணைப்பு உண்டாகிறது. ஆனால் மணவறைக்குப் போகும் வழியில் ஒரு பங்கு, பருத்தியை விட்டுவிட்டுத் தண்ணீரையே கட்டிக்கொள்கிறது. அப்படிக் கட்டிக்கொண்டது இனித் துணியில் ஏறாது. அலசும்போது அத்தனையும் வெளியே வரும். இதுதான் நாம் பார்த்த ஆற்றின் கலர். இந்தச் சாயம் எதிர் மின்னூட்டம் கொண்டது. உமியும் எதிர். ஆக, உமி எவ்வளவு ஆசையோடு காத்திருந்தாலும் சாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். இது கைக்கிளை. ஒருதலைக் காமம்.

கைக்கிளையை ஐந்திணையாக்க ஒரு வழி உண்டு: தோழியிற் கூட்டம். தோழி என்றது அமிலத்தை. கரைசலில் அமிலம் விட்டு பிஎச் இரண்டுக்குக் கொண்டுவந்தால் சக்கையின் பரப்பு நேர் மின்னூட்டத்துக்கு மாறும். சாயம் வந்து ஒட்டும். ஆய்வேடுகளில் இதை ‘உகந்த பிஎச் 2’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பட்டறைத் தண்ணீர் வருவதோ பத்து, பதினொன்றில், சோப்புக் கரைசல் மாதிரி வழுவழுவென்று. அதை இரண்டுக்கு இறக்க எத்தனை கேன் அமிலம்? மறுபடி ஏழுக்கு ஏற்ற எத்தனை மூட்டை சோடா? இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் உப்பு எத்தனை? தோழிக்குக் கொடுக்கும் தரகு கல்யாணச் செலவைத் தாண்டிவிடுகிறது என்க.

இதைக் காதால் கேட்டு எழுதவில்லை. பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் சொல்லி, அலசிய தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். நேவி ப்ளூ. “எதுக்குங்க சார்?” என்று கேட்டான். “ஆராய்ச்சி” என்றேன். பயந்துபோய்ப் பாட்டிலின் மேல் பட்டறைப் பெயரெழுதிய லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தான். அதில் வாழைத்தோல் பொடியைப் போட்டோம். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி. நீலம் போகவில்லை, வாழைத்தோல் தன் பழுப்பையும் அதில் இறக்கிவிட்டது. சாயத் தண்ணீர் கஷாயத் தண்ணீர் ஆனது. அக்கா மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “இத ப்ராஜெக்ட்ல சேக்கோணுமுங்களா மாமா?” என்றாள். சேர்க்கச் சொன்னேன். அவளுடைய வழிகாட்டி, இடம் போதாது என்று சொல்லிவிட்டாராம்.

காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி சுடுகிறார்கள். அதை நீராவியில் பக்குவம் செய்து ஆலையில் விற்கிற கரித்தூளில் ஒரு பிடி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு பிடி, கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மறுநாள் காலை வடிகட்டியபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெற்றி என்று சொல்லிவிட்டு இங்கேயே இயலை முடித்திருக்கலாம். ஆனால் வீட்டுக்காரி அந்தத் தண்ணீரை ஓர் எவர்சில்வர் தட்டில் ஊற்றி வடகம் காய்கிற இடத்தில் வெயிலில் வைத்தாள். சாயங்காலம் தட்டு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, வேர்த்துக் காய்ந்த சட்டையின் முதுகு மாதிரி. கரி நிறத்தைத்தான் பிடித்தது. உப்பு அப்படியே இருந்தது.

உப்பின் கணக்கு எளிது. அடர்ந்த கலருக்கு ஒரு லிட்டர் சாயத் தொட்டிக்கு அறுபது கிராம் உப்பு என்றும், ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்றும் வைத்துக்கொண்டால், கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. துணி அதில் ஒரு கிராம்கூட வைத்துக்கொள்வதில்லை. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்கு ஆகாத தண்ணீர் நின்றதற்கும், கீழே கரூர் வரைக்கும் விவசாயிகள் அதை எங்கள் பக்கம் விடாதே என்று மறித்ததற்கும் காரணம் நிறம் மட்டுமில்லை. நிறம் நகரத்துக்காரன் கண்ணுக்குத் தெரிந்தது. உப்பு தென்னையின் வேருக்குத் தெரிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஊர் ஓடிப் பிடித்த வழி, சொட்டுத் தண்ணீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு: சவ்வு வைத்து வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பையும் மீட்டு மறுபடி தொட்டிக்கே கொடுப்பது. செலவு எக்கச்சக்கம். ஆனால் அது உப்பைப் பற்றிப் பேசுகிறது. உமி பேசுவதில்லை.

‘மலிவு’ என்ற சொல்லையும் இலக்கணப்படுத்த வேண்டும். ரோட்டோரம் கிடக்கிறவரை மலிவு. யாராவது கேட்டுவிட்டால் விலை. உமி ஒரு காலத்தில் அரிசி ஆலைக்குப் பின்னால் மலையாய்க் கிடந்து காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது. இன்று பாய்லர்க்காரன் எடை போட்டு வாங்குகிறான். தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சி ரோட்டில் தொல்லையாய்க் கிடந்தது; இன்று கட்டியாய் அழுத்திக் கப்பலேற்றி வெளிநாட்டுத் தக்காளிக்கு மெத்தை போடுகிறார்கள். கடலைத்தோலும் எரிகட்டியாகிவிட்டது. ‘குறைந்த செலவில் கிடைக்கும்’ என்று தொடங்கும் ஆய்வேடு அச்சாகி வருவதற்குள் அந்தப் பொருளின் விலை ஒரு சுற்று ஏறிவிடுகிறது.

கணக்குகளைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். லாங்மியர் மதம், ஃபிராய்ண்ட்லிக் மதம் என்று இரண்டு. முன்னது ரிசர்வேஷன் பெட்டி: எல்லா இருக்கையும் ஒரே மாதிரி, ஒரு இருக்கைக்கு ஒருவர். பின்னது அன்ரிசர்வ்டு பெட்டி: நல்ல இடம் முதலில் நிரம்பும், அப்புறம் வருகிறவர் முடிந்த இடத்தில் தொங்கிக்கொள்வார். வேகத்தைக் கணிக்க, போலி முதல் வகை, போலி இரண்டாம் வகை என்று இரண்டு சமன்பாடு. நம் இலக்கணத்தில் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று மூன்று. இவர்களிடம் ஒன்று குறைவு. ஆய்வேட்டின் முடிவில் பெரும்பாலும் போலி இரண்டாம் வகைதான் ஜெயிக்கும். முடிவைத் தெரிந்துகொண்டு படிக்கிற சுகத்துக்காக நான் அந்தப் பகுதியை முதலில் படிப்பேன்.

எஞ்சியது பிரிவு. ஒட்டிய சாயத்தோடு அந்தச் சக்கை என்ன ஆகிறது? காரம் விட்டுக் கழுவினால் சக்கை மீளும், சாயம் மறுபடி தண்ணீருக்கு வரும். இது ஊடல் தீர்ந்து பழைய வீட்டுக்கே திரும்புவது. எரிக்கலாம், புகை போகும் இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். புதைக்கலாம், மழை வரும். திருப்பூரில் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் போட்டு இறக்கிய கசடே மூட்டை மூட்டையாய் நின்று, பிறகு சிமெண்ட் ஆலைக்குப் போக வழி தேடியது. உமியில் பிடித்தால் மூட்டை இன்னும் பெருக்கும். தொண்ணூற்றொன்பது சதவீதம் நீக்கினோம் என்றால், தொண்ணூற்றொன்பது சதவீதம் வீடு மாறியது என்று பொருள். புது வீட்டு முகவரியை ஆய்வேட்டில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நான் அதை நம்புவேன். நிறத்தை மட்டும் கடைசியாக மெருகேற்ற ஒரு கரித்தொட்டி, உப்புக்குத் தனி ஏற்பாடு, பிடித்ததை எரிக்க முறையான உலை, இந்த மூன்றும் சேர்ந்தால் உமிக்கும் நார்க்கழிவுக்கும் நிச்சயம் ஒரு வேலை உண்டு. தனியாக விட்டால் இல்லை.

புறனடை. அக்கா மகளுக்கு ப்ராஜெக்டில் முதல் வகுப்பு கிடைத்தது. அவள் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். அவள் பிடித்து வைத்த சாயம் இங்கே, எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஒரு சிமெண்ட் சாக்கில், ஏறக்குறைய இரண்டு கிலோ நீல உமியும் வாழைத்தோலுமாக இருக்கிறது. போன ஐப்பசி மழையில் சாரல் அடித்துச் சாக்கு நனைந்தது. தரையில் ஒரு முழத்துக்கு நீலம் இறங்கியிருக்கிறது. பஞ்சாயத்துக் குப்பை வண்டிக்காரர் வாங்க மறுக்கிறார். அதை எங்கே போடலாம் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள்.